புத்தகத்துக்குள் வைத்த கடிதங்கள்

விஜயநகர், மைசூரு
6-4-2025

சுசித்ராவுக்கு லீலா எழுதுவது.

இங்கு நானும் என் வீட்டுக்காரரும் நலம். என் தம்பி குமாரின் நலத்தை அறிய ஆவல். உன் நலத்தையும் கேட்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்.

யுகாதி அன்று என் வீட்டுக் கூடத்தில் நின்று நீ போட்ட சத்தத்தை எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் போனில் மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் உன் புருஷன் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். “இனி ரெண்டு பேரும் போன்ல பேசினீங்கன்னா ரெண்டு போனையும் நம்ம மாவு மில்லுல போட்டு அரைச்சுப்போடுவேன். எதுவா இருந்தாலும் பேப்பர்ல எழுதிக்குங்க.” வாரம் இரண்டு முறை தக்காளி வண்டியோடு மைசூருக்கு வருகிறவன், ஒரு காகிதத்தையும் தூக்கி வரட்டும். சத்தியமங்கலத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத வரும். அவனுக்குக் கன்னடம் மட்டும்தான் படிக்க வரும். அதனால் மனதில் இருப்பதைத் தாராளமாக எழுதலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் வினிதாவுக்கு இங்கே எட்டாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் இன்னும் உறுதி ஆகவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஐந்து புத்தகம் படிக்க வேண்டும். படித்ததைத் தன் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பள்ளி திறக்கும் மே 29 அன்று ஆசிரியை முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களுக்குத் திருப்தி இல்லை என்றால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கடிதத்தில் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

ஐந்தையும் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றாகத்தான் அனுப்புவேன். மொத்தமாக அனுப்பினால் மில்லில் எடைக்கல்லுக்குப் பதிலாக வைப்பாய். முதல் புத்தகம் யானைகளைப் பற்றியது, இங்கிலீஷ். பத்து நாளில் முடித்துத் திருப்பி அனுப்பு. பதிலையும் அதற்குள்ளேயே வை. தனியாகக் கொடுத்தால் குமார் தக்காளிக் கூடைக்கு அடியில் போட்டுவிடுவான்.

தம்பியைச் சர்க்கரை மாத்திரை விடாமல் போடச் சொல்.

லீலா


ஹனூர்
10-4-2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, சுசித்ரா வணக்கம்.

இங்கே அவரும் நானும் மில்லும் நலம். சந்திரன் அண்ணன் நலமறிய ஆவல். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? யுகாதி அன்று என்னைக் கேட் வரைக்கும் துரத்தி வந்த வேகத்தைப் பார்த்தால் குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சத்தம் போட்டேன் என்கிறீர்கள். எதற்குப் போட்டேன் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பள்ளி விண்ணப்பத்தில் காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து. பெற்றவள் பெயர் அந்தப் பக்கத்திலேயே இல்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேன், அண்ணி. ஹனூர் பஸ் ஸ்டாண்டில் மாவு மில் சுசித்ரா என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள்.

புத்தகம் வந்தது. வினிதா மில்லில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இவள் வகுப்பில் முதல் மார்க் வாங்கின பிள்ளை. டீச்சர் ஒரு தரம் சொன்னதைக் காதில் வாங்கியே மொத்தப் பாடத்தையும் ஒப்பித்துவிடுவாள். இவளுக்கே முடியவில்லை என்றால் அது பிள்ளைகள் படிக்கிற புத்தகமே இல்லை. மைசூர்க் கடைக்காரன் உங்கள் தலையில் கட்டிவிட்டான்.

அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லவும்.

சுசித்ரா


விஜயநகர்
18-4-2025

சுசித்ராவுக்கு,

நாங்கள் நலம். முட்டி வலி அப்படியே இருக்கிறது, உன் அக்கறைக்கு நன்றி. குமார் போன வாரம் வந்தபோது முகம் வற்றிப்போயிருந்தது. வீட்டில் சோறு போடுகிறாயா இல்லையா?

யானைப் புத்தகம் திரும்பி வந்தது. திறந்ததும் மடியெல்லாம் கேழ்வரகு மாவு. பதினோராம் பக்கம் வரைக்கும் மாவு இருக்கிறது. அதற்கப்புறம் தாள் புதுசு மாதிரி இருக்கிறது. பிள்ளை எத்தனை பக்கம் படித்தாள் என்று உன்னைக் கேட்க வேண்டியதே இல்லை.

மில் ஓடுகிற சத்தத்தில் யாருக்கு எழுத்து மண்டையில் ஏறும்? புத்தகத்தை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று குமார் சொன்னான். எதற்கு? அதற்குப் பின்னால் தூங்குவதற்கு. இதுகூடத் தெரியாமல் நீ பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கிறாயாக்கும்.

காப்பாளர் விஷயத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. காரணம் இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது புத்தகம் கன்னடக் கதைகள். இதையாவது மாவு படாமல் வை.

லீலா


ஹனூர்
24-4-2025

அண்ணிக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். உங்கள் தம்பி இரண்டு வேளை சோறும் ஒரு வேளை களியும் தின்கிறார். முகம் வற்றியது உங்கள் வீட்டுக் காபியால் இருக்கலாம். சந்திரன் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் இப்போது பரவாயில்லையா?

கன்னடப் புத்தகமும் ஓடவில்லை. இதற்குக் காரணம் யார் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். நாலு வரி படித்ததும் வினிதா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறாள். தலை வலிக்கிறதாம். யுகாதிக்கு முன்னால் இந்த வலி இல்லை. உங்கள் வீட்டில் நாலு நாள், கதவு அகலத்துக்கு மாட்டியிருக்கிற அந்த டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இப்போது தைலம் தடவுகிறவள் நான்.

காரணம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு காரணம் தெரியும். இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததைப் படிக்க முயற்சி செய்ய வேண்டாம்.

சுசித்ரா


விஜயநகர்
30-4-2025

சுசித்ரா,

நலம்.

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ‘வயிற்றில் சுமந்திருந்தால் பெற்றவள் பெயரை விட்டிருக்க மாட்டீர்கள்’ என்று எழுதி, ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாய். படிக்கக் கூடாது என்று நினைத்திருந்தால் இன்னும் நன்றாக அடித்திருப்பாய்.

எனக்குப் பிள்ளை இல்லை. இருபத்தெட்டு வருஷமாக ஊரில் எல்லோரும் மறைமுகமாகச் சொன்னதை நீ பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எனக்கு வலித்தது. உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும்.

இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது. படித்த புத்தகம் பூஜ்யம். இந்த இடம் போனால் வினிதா உன் மில்லில் மாவுக்குத் தட்டுக்கூடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதுதான் உன் ஆசை என்றால் எழுது, மீதிப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் அவளை உடனே இங்கே அனுப்பு.

குமாரின் மாத்திரை முடிந்திருக்கும், வாங்கிக் கொடு.

லீலா


ஹனூர்
9-5-2025

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். ஒன்பது நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதையும் அடிக்க வேண்டி வந்திருக்கும்.

வினிதாவை அவரோடு வண்டியில் அனுப்புகிறேன். அந்த இடம் போகக் கூடாது. அவள் தட்டுக்கூடை பிடிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் நினைக்க மாட்டாள். அதற்காகத்தான் அனுப்புகிறேன், நீங்கள் கூப்பிட்டதற்காக இல்லை. பையில் ராகி மாவு இருக்கிறது. உங்கள் புத்தகத்தின் மேல் கொட்டிவிடாமல் எடுத்துக்கொள்ளவும்.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

சுசித்ரா


விஜயநகர்
15-5-2025

சுசித்ராவுக்கு,

நாங்கள் நலம். மில் பெல்ட் அறுந்துவிட்டதாகக் குமார் சொன்னான். சரியாகிவிட்டதா?

வினிதாவுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறேன். மின்விசிறி இருக்கிறது, மேஜை இருக்கிறது, டி.வி. ஒயரைப் பிடுங்கி நான் ஒளித்து வைத்திருக்கிறேன். மில் சத்தம் இல்லை. அப்படியும் படிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரிக்கு வரி விரலை வைக்கிறாள், படித்த வரியையே மறுபடி படிக்கிறாள். பத்து நிமிஷத்தில் கண் கலங்குகிறது. “ஏன் அழறே?” என்று கேட்டேன். “அழல அத்தை, தானா தண்ணி வருது” என்றாள். தினமும் இரண்டு தரம் துடைக்கிற என் வீட்டில் தூசியா இருக்கிறது? அம்மா ஞாபகம் வந்த மாதிரி கண்ணைக் கசக்கு, அத்தை பயந்துபோய் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நீ சொல்லிக்கொடுத்து அனுப்பிய நாடகம் இது. எனக்குப் புரியாதா?

அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன். நோட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

லீலா


ஹனூர்
20-5-2025

அண்ணிக்கு,

நலம். பெல்ட் மாற்றியாயிற்று. அண்ணன் ஊட்டி போனதாகக் கேள்விப்பட்டேன், குளிர் ஒத்துக்கொண்டதா?

பெற்ற பிள்ளைக்கு அழச் சொல்லிக்கொடுக்கிற தாய் என்று என்னை எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

உங்கள் ஏற்பாடு என்ன என்று எனக்குத் தெரியும். நீங்களே புத்தகத்தைப் படித்து நீங்களே நோட்டு எழுதுகிறீர்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று அவர் வந்து சொன்னார். அதை நம்பி நான் சும்மா இருக்க முடியாது. இங்கே பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை கருப்புசாமி எல்லாப் பள்ளிக்கும் ப்ராஜெக்ட் செய்து கொடுக்கிறார். புத்தகத்தின் பெயர்களைக் கொடுத்தேன். இரண்டே நாளில் ஐந்துக்கும் எழுதி, கலர்ப் படம் ஒட்டி, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டார். இதோடு அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். 29ஆம் தேதி நானும் வருவேன்.

சுசித்ரா


விஜயநகர்
26-5-2025

சுசித்ரா,

நலம் விசாரிக்க நேரமில்லை. தம்பி நலமாக இருக்கட்டும்.

கருப்புசாமியின் நோட்டைப் பார்த்தேன். யானைப் புத்தகத்துக்கு ஒட்டியிருப்பது காண்டாமிருகப் படம். நான் எழுதினதாவது புத்தகத்தைப் படித்தவள் எழுதியது. அதையும் வினிதாவின் கையெழுத்து மாதிரி எழுதியிருக்கிறேன். பையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். நேற்று நான் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது குமார் உன்னுடையதையும் பையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். சொல்லி வைத்த மாதிரி நடக்கிறீர்கள்.

29ஆம் தேதி நீ வராதே. காரணம் கேட்டாயே, எழுதிவிடுகிறேன். அந்த விண்ணப்பத்தில் அம்மாவின் படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதியிருந்தால் அதற்கு நேரே பத்தாவது பெயில் என்று எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று பயந்துதான் என் பெயரைப் போட்டேன், என் பி.ஏ.வைப் போட்டேன். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்று இரண்டு மாதம் வாயை அடக்கி வைத்திருந்தேன். நீதான் பிடுங்கினாய்.

லீலா


விஜயநகர்
30-5-2025

அன்புள்ள அம்மாவுக்கும் அத்தைக்கும் வினிதா எழுதுவது.

இதையே இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று அப்பாவோடு ஹனூருக்கு வருகிறது. இன்னொன்றை அத்தையின் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன்.

நேற்று பள்ளியில் நடந்ததை அத்தை கேட்டார்கள், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அத்தையின் கடிதத்தைப் படித்த அம்மா வரவில்லை. அத்தையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். என் பையில் மூன்று நோட்டு இருந்தது. அத்தை எழுதியது, கருப்புசாமி அண்ணன் செய்தது, நான் எழுதியது. கனகா மிஸ் கேட்டபோது என்னுடையதைக் கொடுத்தேன். ஒன்பது பக்கம்தான். ஐந்து புத்தகத்தில் ஒன்றையும் முடிக்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். யானைப் புத்தகம் மட்டும் பதினோரு பக்கம். அது எனக்குப் பிடித்தது.

இந்த விடுமுறையில் நான் முழுதாகப் படித்தது உங்கள் கடிதங்களை. நீங்கள் இரண்டு பேரும் அவற்றைப் புத்தகத்துக்குள் வைத்தீர்கள். நான் இங்கே வந்த பிறகும் கன்னடக் கதைப் புத்தகத்துக்குள்தான் அவை அப்பாவின் வண்டியில் போய் வந்தன. புத்தகத்தைத் திறக்கிறவள் நான்தானே. தமிழ் எழுதப் படிக்க அம்மாதான் சொல்லிக்கொடுத்தீர்கள், அதனால் ஒன்று விடாமல் படித்தேன். அம்மா அடித்த வரியையும் படித்தேன். அத்தை எழுதின படிப்புக் கட்டத்தையும் படித்தேன்.

புத்தகத்து எழுத்து சின்னது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறிவிடும், தலை வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அப்படி இல்லை. கோபம் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் பெரிது பெரிதாக எழுதுகிறீர்கள். அதனால் படிக்க முடிந்தது.

கண் சரியில்லை என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவிடம் தலை வலிக்கிறது என்று சொன்னேன். அது அத்தை வீட்டு டி.வி.யால் வந்தது என்று கடிதத்தில் போனது. அத்தையிடம் தண்ணீர் வருகிறது என்று சொன்னேன். அது அம்மா சொல்லிக்கொடுத்தது என்று கடிதத்தில் போனது. நான் எதைச் சொன்னாலும் அடுத்த கடிதத்தில் அது சண்டையாகிவிடுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

கனகா மிஸ் யானைப் புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நான் விரல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன்னுடைய கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்கள். எழுத்து ஆடாமல் நின்றது. பன்னிரண்டாம் பக்கத்தை நிறுத்தாமல் படித்தேன்.

இடம் போகவில்லை. கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி வாங்கி, யானைப் புத்தகம் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு ஜூன் 16க்குள் வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பள்ளியில் படிக்க ரொம்ப ஆசை. அதை நீங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். எல்லாக் கடிதத்திலும் யாரையாவது நலம் விசாரித்திருக்கிறீர்கள். அப்பாவின் சர்க்கரை, அத்தையின் முட்டி, மாமாவின் ரத்த அழுத்தம், மில் பெல்ட்டைக்கூட அத்தை விசாரித்திருக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் நலமா என்று ஒரு கடிதத்திலும் இல்லை.

எனக்குக் கண் மட்டும்தான் சரியில்லை. மற்றபடி நலம்.

வினிதா


விஜயநகர்
31-5-2025

சுசித்ராவுக்கு,

அதை நீயும் படித்திருப்பாய். நான் காபி ஆறின பிறகும் உட்கார்ந்தே இருந்தேன். மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள் என்று எழுதினது நான்தான். அவள் தூங்குகிறாள் என்று எழுதினதும் நான்தான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கண் ஆஸ்பத்திரியில் ஜூன் 7, சனிக்கிழமை, பத்தரை மணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்று பள்ளிக்குப் போய்ப் புது விண்ணப்பம் வாங்கி வந்தேன். உன் பெயரை எழுதிவிட்டேன். படிப்புக் கட்டத்தை விட்டிருக்கிறேன், அதை நீயே நிரப்பு. கையெழுத்தும் நீதான் போட வேண்டும். கனகா மிஸ் இதையெல்லாம் பார்ப்பதே இல்லையாம். கேட்டுவிட்டேன்.

நான் எழுதின நோட்டைக் கிழித்தாயிற்று. கருப்புசாமியின் ஸ்பைரல் கிழியவில்லை. நீ வந்து கிழி.

லீலா


ஹனூர்
3-6-2025

கண்ணு வினிதா, நலமா? தலை வலிக்கிறதா? புத்தகத்தை நீதான் முதலில் திறப்பாய் என்று தெரியும், அதனால் உன்னை முதலில் கேட்கிறேன். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் நான் கவனிக்கவில்லை. நீ எழுதினதைப் படித்துவிட்டு மில்லை நிறுத்திவிட்டு அழுதேன். மாவு வாங்க வந்தவர்கள் கேட்டதற்குத் தூசி என்று சொன்னேன். இனி அத்தை மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும், உனக்கு வலித்தால் என்னிடம் சொல்லிப்போடு.

இதைப் படித்ததும் காகிதத்தை அத்தையிடம் கொடு.

அண்ணிக்கு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மில்லை ஒரு நாள் மூடிவிட்டுத்தான் வருகிறேன். பத்தாவது பெயில் என்று என் கையாலேயே எழுதுவேன், எனக்கு வெட்கமில்லை. நான் அடித்த அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை எழுத்தில் கேட்க வரவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவும் இல்லை, அதை ஜூன் 16க்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அவளை நடுவில் உட்கார வைப்போம். நாம் பேசிக்கொள்ள வேண்டாம், சுவரில் இருக்கிற எழுத்தை அவள் படிப்பதைக் கேட்போம்.

இந்தக் கடிதத்தையும் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். இது கோபத்தில் எழுதியது இல்லை.

சுசித்ரா